மேர்வின் வீட்டுக் கோழிக்கறி

மூன்றும் ஒன்றாகவே விழுந்தன.

கொட்டகலை பஜாரில் போன் திருத்தும் கடை வைத்திருந்த கஜேந்திரன், கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுத் தன் போனில் பங்குச்சந்தை விலைகளையே வெறித்துப் பார்த்தான். சொந்த வீடு கட்டச் சேர்த்த காசை, எண்ணெய், நிலக்கரி, நீர்மின்சாரம் என மூன்று எரிசக்தி முதலீட்டு ஃபண்டுகளில் பிரித்துப் போட்டிருந்தான். பிரித்துப் போட்டால் பயமில்லை என்பது அவன் நினைப்பு.

மனைவிக்குப் போன் போட்டான்.

"ஜீவராணி, இன்னைக்கும் எறங்கிருச்சு."

"மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. வேளையோட வீட்டுக்கு வாங்க."

வேளையோடுதான் போனான். ஆனால் வாசலிலேயே பையை வைத்து, "எனக்குச் சாப்பாடு வேணாம்" என்றுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடக்கப் போய்விட்டான்.

நடந்தபடியே ஒரு வீடியோ பார்த்தான். கொரலேஷன் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். இரண்டு முதலீடுகள் சேர்ந்தே ஏறி இறங்கினால் அதன் அளவு கூட்டல் ஒன்று. ஒன்று ஏற மற்றது இறங்கினால் கழித்தல் ஒன்று, அதாவது மைனஸ் ஒன்று. எத்தனை ஃபண்ட் இருந்தாலும் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் பிரயோசனமில்லை.

கஜேந்திரனுக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. நிலக்கரியை விற்றுத் தேயிலைக் கம்பனிப் பங்கு வாங்கினான். மழை பொய்த்தது. தண்ணீரில்லாமல் மின்சாரமும் கொழுந்தில்லாமல் தேயிலையும் கைகோத்துக்கொண்டு இறங்கின.

நீர்மின்சாரத்தை விற்று ஹோட்டல் பங்கு வாங்கினான். உடனே மழை கொட்டியது. விற்றது ஏறியது. பாதையெல்லாம் மண் சரிந்து, வாங்கியது படுத்தது.

அன்றும் போனில் புலம்பினான். அன்றும் சாப்பாடு வேண்டாம் என்றான். நடந்து திரும்பும்போது பக்கத்து வீட்டு வாசனை மூக்கைத் துளைத்தது. பஸ் ஓட்டும் மேர்வின் வீட்டில் கோழிக்கறி. போன தடவை விழுந்தபோதும் இதே வாசனைதானே?

அன்றிலிருந்து கவனித்தான். சந்தை ஏறினால் மேர்வின் வீட்டில் பருப்பும் கீரையும். இறங்கினால் தவறாமல் கோழி. தேடி அலைந்த கழித்தல் ஒன்று வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கிறது!

மேர்வினை மடக்கினான்.

"நீ எதுலப்பா காசு போட்டிருக்கே?"

"எனக்கேது காசு அண்ணே? நான் ஓட்டுறதே அடுத்தவன் பஸ்ஸு."

"மறைக்காத. சந்தை விழுந்தா மட்டும் கோழி திங்கிறியே, எப்பிடி?"

மேர்வின் நெளிந்தான். "அது வந்து... கெடைக்கிறதச் சாப்பிடுறோம்ணே" என்று நழுவிவிட்டான்.

அந்த நெளிவே கஜேந்திரனுக்குப் போதுமானதாக இருந்தது. இவன் கோழியில்தான் போட்டிருக்கிறான்! எண்ணெய், தேயிலை, ஹோட்டல் எல்லாவற்றையும் விற்று, மொத்தத்தையும் ஒரே கோழிப்பண்ணைக் கம்பனியில் கொட்டினான். பிரித்துப் போடப் புறப்பட்டவன் என்பது அவனுக்கே மறந்துபோனது.

அந்த வாரமே தீவன விலை எகிறியது. கோழிப்பண்ணைப் பங்கு குப்புற விழுந்தது.

வழக்கம்போலப் புலம்பி, வழக்கம்போலச் சாப்பாட்டை மறுத்தவன், இந்தத் தடவை நடக்கப் போகவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு நேரே மேர்வின் வீட்டுக்குள் நுழைந்தான். மேர்வினின் மனைவி ஷெரோமி சட்டியிலிருந்து கறி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோழியே விழுந்திருச்சு, இன்னைக்கும் கோழியா! உண்மையச் சொல்லு தங்கச்சி, என்ன யாவாரம் இது?"

மேர்வின் தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஷெரோமி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாவாரமா? நீங்க போன்ல பொலம்புற அன்னிக்கெல்லாம் ஒங்களத் தேத்தத்தான் ஜீவராணி அக்கா கோழி வாங்கி ஆக்குறாங்க. நீங்க வேணாம்னுட்டுப் போன ஒடனே பின்வாசல் வழியா சட்டியோட இங்க கொண்டாந்து குடுத்துர்றாங்கண்ணே!"