மூன்றில் ஓடிய மின்விசிறி

ஒரே அறையில் தங்கும் இரு மாணவர்களிடையே பூசல் மூண்டால், பெற்றோர் நேரில் வந்து அதைத் தீர்த்துவைக்க வேண்டும். தவறினால் இருவரும் பெட்டியைக் கட்ட வேண்டும். இது எங்கள் கல்லூரி விடுதியின் மேலான விதி.

எங்கள் பூசல் மின்விசிறி பற்றியது. எனக்கு ஐந்தில் சுற்ற வேண்டும். என் அறைத்தோழன் போர்வைக்கு (காரணப் பெயர்தான்) ஒன்றிலேயே பல் தந்தியடிக்கும். கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டோம். பிறகு மூன்று என்று முடிவானது. எனக்கு வாய் என்று ஒன்று இல்லாதிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

போர்வை குளிக்கப் போன நேரத்தில், கண்ணாடி முன் நின்று அந்தச் சண்டையை இரண்டு குரலிலும் நடித்துப் பார்த்தேன். நிஜத்தைவிட நன்றாக வந்தது. நிஜத்தில் தோற்ற இடத்திலெல்லாம் இதில் ஜெயித்தேன்.

கதவு திறந்தது. வார்டன்.

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்களா?"

"நான் ஒருத்தன்தான் இருக்கேன் சார்."

"இன்னொருத்தன் எங்க?"

"குளிக்கிறான் சார்."

"குளியலறைல போய் ஒளியற அளவுக்கு முத்திப்போச்சா!"

எல்லாம் நடிப்பு என்று நிரூபிக்க, போர்வையின் குரலில் அழுது காட்டினேன். வார்டன் என் வாயைப் பார்த்தபடியே உருகினார். "பாவம், அவன் அழறது இங்க வரைக்கும் கேக்குது."

மறுநாளே இரண்டு அப்பாக்களும் வரவழைக்கப்பட்டார்கள். ஆலோசகர் அம்மையார் வகுப்பெடுத்தார்: "பிள்ளைக்காக நீங்க சண்டைக்குப் போகாதீங்க. தீர்ப்பும் சொல்லாதீங்க. 'உன் வருத்தம் எனக்குப் புரியுதுப்பா'ன்னு மட்டும் சொல்லுங்க."

அப்பாக்கள் கோரஸாகச் சொன்னார்கள். அடுத்தது செய்முறைப் பயிற்சி. பிள்ளைகளின் கஷ்டத்தை உணரும் பொருட்டு, இருவரையும் ஒரே விருந்தினர் அறையில் தங்கவைத்தார்கள்.

மதியம் அந்த அறையிலிருந்து சத்தம்.

"அஞ்சுல வைய்யா!"

"ஒண்ணைத் தாண்டினா எனக்கு இழுப்பு வந்துரும்யா!"

ஓடினோம். வார்டன் வாசலில் என்னை நிறுத்தினார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். நெருங்கின உறவுதான் தீர்த்துவைக்கணும். நீ போ. தீரலைன்னா நாலு பேரும் பெட்டியைக் கட்டுங்க."

உள்ளே போனேன். மின்விசிறி மூன்றில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம். கண்ணாடி முன்னால் அப்பா மட்டும், போர்வையின் அப்பா குரலில் உச்சக்கட்டத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் அசடு வழிந்தார்.

"சும்மா... பேசிப் பாத்தேன்டா."

"உங்க வருத்தம் எனக்குப் புரியுதுப்பா," என்றேன். அந்த வாக்கியத்தை இவ்வளவு மனமார யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் சொன்ன விளக்கத்தை வார்டன் பொறுமையாகக் கேட்டார். அதாவது, கேட்கவில்லை. "பூசலின் மூலகாரணம்" அகற்றப்பட்டது. இரண்டு அறையிலும் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெட்டி கட்டாமல் தப்பித்தோம். போர்வைக்கு மட்டும் பரம சந்தோஷம்.

நான் குரல் மாற்றிப் பேசிய கதை விடுதி முழுக்கப் பரவியது. ஒரு வாரம் கழித்து, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் வார்டன் குரல் கனமாக ஒலித்தது: "சோதனை முயற்சி மகத்தான வெற்றி பெற்றிருப்பதால், நாளை முதல் அனைத்து அறைகளிலும் மின்விசிறிகள் அகற்றப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து நிற்கலாம்."

ஒருவரும் எழவில்லை. மொத்த விடுதியும் என் பக்கம் திரும்பி, வயிறு குலுங்கச் சிரித்துக் கைதட்டியது. "அப்படியே வார்டன் குரல்டா, அச்சு அசல்!"

நான் வாய் நிறையச் சோறோடு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.