மாப்பிள்ளை சட்டைக்கு ரிட்டர்ன் கிடையாது

கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் பொருள் வாங்கப் போகிறார்கள். சிலர் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். திருப்பிக் கொடுப்பதற்காகவே வாங்கப் போகிற மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அந்த ரகத்துக்குத் தூத்துக்குடியில் ஒரு சங்கம் இருந்திருந்தால் அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் நானாகவே இருந்திருப்பேன். (ஆண்டு விழாவில் போடும் பொன்னாடையை மறுநாள் காலையில் கடையில் கொடுத்து, துண்டாக மாற்றியும் இருப்பேன்.)

துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் எனக்கு வேலை. கப்பல் எந்தத் தேதியில் வந்தது, பெட்டி எந்தத் தேதியில் இறங்கியது, எந்தத் தேதிக்குள் எடுக்காவிட்டால் வாடகை ஏறும் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. மற்றவர்கள் பேப்பர் படிப்பதுபோல நான் பில்லின் பின்பக்கம் படிப்பேன். "விலைச்சீட்டு பிரிக்காமல், ஏழு நாட்களுக்குள், பில்லுடன்" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது எனக்கு மட்டும் வந்த கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்.

எங்கள் ஊரில் துணியிலிருந்து தோசைக்கல் வரை விற்கிற மூன்று மாடிக் கடை ஒன்று உண்டு. பெயர் வேண்டாம், அவர்கள் பாவம். அந்தக் கடை இரண்டு வாக்குறுதிகள் தந்திருந்தது. பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம். இதே பொருள் ஊருக்குள் வேறு கடையில் விலை குறைவாக இருந்தால் நாங்களும் அதே விலைக்குத் தருவோம். நாலு பேர் பயன்படுத்துவார்கள் என்று நினைத்து எழுதியிருப்பார்கள். அந்த நாலு பேரின் வேலையையும் ஒரே ஆள் செய்வான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

மாதா கோயில் திருவிழாவுக்கு விருந்தாளிகள் வந்தபோது பெடஸ்டல் ஃபேன் வாங்கினேன். அவர்கள் ஊருக்குப் போனதும் "சத்தம் வருது" என்று கொடுத்துவிட்டேன். ஐப்பசி மழைக்கு வாங்கிய குடை, மழை விட்டதும் நிறம் பிடிக்காமல் போனது. ஒரு தோசைக்கல் என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாழ்ந்தது. ரிட்டர்ன் கவுண்டர் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஜெனிட்டா புன்னைக்காயலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். நான் வாசலில் செருப்பைத் துடைக்கும்போதே அவள் கணினியைத் தட்ட ஆரம்பித்துவிடுவாள். ஒரு தடவை மட்டும், "சார், இன்னைக்கு வாங்க வந்தீங்களா, குடுக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நானும் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள், பாயிண்ட் ஏறும். பாயிண்ட் எல்லாம் ஒரே இடத்தில் சேரட்டும் என்று என் சொந்தக்காரர்கள் எல்லோரையும் என் நம்பரையே சொல்லும்படி நான்தான் பழக்கியிருந்தேன். அவர்கள் வாங்கியதும் என் கணக்கு, திருப்பியதும் என் கணக்கு. கடையின் கணினியைப் பொறுத்தவரை, கர்ப்பிணிகள் அணியும் கவுன் இரண்டும், ஒரு தொட்டிலும், ஒரு தாடி டிரிம்மரும் ஒரே கோடைக்காலத்தில் வாங்கி எதிலும் திருப்தி அடையாத ஒரு மனிதன் எங்கள் மில்லர்புரத்தில் குடியிருந்தான்.

இந்த நிலையில்தான் என் தங்கை சாந்தியின் மகள் அபிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை முருகேசன். அவன் அப்பா தங்கப்பழம் அண்ணாச்சிக்கு ஓட்டப்பிடாரத்தில் பலசரக்குக் கடை. நிச்சயத்தன்று நகை, வண்டி என்று எதுவும் கேட்காத மனிதர். "எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மாப்பிள்ளைத் துணி மட்டும் உங்க மனசுக்கு நிறைவா எடுங்க" என்றார். முகூர்த்தச் சேலை அவர்கள் எடுப்பது, மாப்பிள்ளையின் பட்டு வேட்டி சட்டை நாங்கள் எடுப்பது. வழக்கம் அது. சாந்தியின் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார், கல்யாணத்துக்கு முந்தின இரவுதான் வந்து சேருவார். அதனால் அந்தப் பொறுப்பு தாய்மாமனான என்னிடம் வந்தது. சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவங்க கேட்டது இது ஒண்ணுதான். இதுல கொற வந்தா அபிக்குக் காலத்துக்கும் சொல்லுவாங்க" என்றாள்.

நிறைவாகத்தான் எடுத்தேன். சந்தன நிறம், அகலமான ஜரிகை, தொட்டால் வழுக்கியது. அதோடு விட்டிருக்கலாம். அதே கம்பெனி, அதே நிறம், எதிர்ச்சாரியில் இருக்கும் இன்னொரு கடையில் கொஞ்சம் குறைவாகத் தொங்கியது. சீட்டைப் போட்டோ எடுத்து வந்து காட்டினேன். ஜெனிட்டா என்னையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்துப் போட்டாள். அவள் தலைக்கு மேல் புதிதாக ஒரு அறிவிப்புப் பலகை தொங்கியது. நான் படிக்கவில்லை. பொடி எழுத்து படித்தே பழகிய கண்ணுக்கு முழநீள எழுத்து தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்தில் மாப்பிள்ளை சட்டையைப் போட்டுப் பார்த்தான். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஓட்டப்பிடாரத்துச் சொந்தக்காரர்கள் அவனை வீடு வீடாகக் கூப்பிட்டுக் கறி போட்டிருந்தார்கள். மேல் பொத்தான் போட்டால் கீழ்ப் பொத்தான் வராது, கீழ்ப் பொத்தான் போட்டால் மூச்சு வராது. அறைக்குள் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாந்தி என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் நான் அந்த வசனத்தைச் சொன்னேன். "இதெல்லாம் ஒரு விஷயமா? அது நம்ம கடை மாதிரி. அரை மணி நேரத்துல மாத்திட்டு வாரேன்." தங்கப்பழம் அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு, டவுனில் தனக்கும் ஒரு ஜோலி இருப்பதாகச் சொல்லி என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். போகிற வழியெல்லாம் நான் பெருமை பேசினேன். அந்தக் கடைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தாலே எழுந்துவிடுவார்கள் என்றேன்.

உண்மையிலேயே எழுந்தார்கள். ஜெனிட்டா எழுந்து போய் மேனேஜரைக் கூட்டி வந்தாள்.

மேனேஜர் சின்ன வயது, கழுத்தில் அட்டை. என் நம்பரில் இனிமேல் எதையும் திருப்பி எடுக்க முடியாது, அடிக்கடி திருப்புகிறவர்களுக்கு ஓர் அளவு வைத்தாகிவிட்டது, நான் அந்த அளவை அது வருவதற்கு முன்பே தாண்டியிருந்தேன் என்று விளக்கினார். நான் குரலைத் தாழ்த்தி, திருப்ப வரவில்லை, சைஸ் மாற்றத்தான் வந்தேன் என்றேன். அவர் பில்லைப் பார்த்தார். "இது விலை மேட்ச் பண்ணிக் குடுத்தது சார். மேட்ச் பண்ண சரக்க மாத்தவும் முடியாது" என்று தலைக்கு மேலே கையைக் காட்டினார். பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது, ஒவ்வொரு எழுத்தும் ஒரு கை அகலம்.

"விலை மேட்ச்னா என்னது தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார்.

மேனேஜர் நல்ல பையன். வாடிக்கையாளருக்கு விளக்கும் அதே பொறுமையோடு, போட்டோ எடுத்து வந்ததிலிருந்து ஆரம்பித்து முழுசாகச் சொன்னார். நான் நடுவே இரண்டு தடவை இருமினேன். அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

அண்ணாச்சி மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். "அப்ப எம் மவன் முகூர்த்தச் சட்டைக்கு பேரம் பேசியிருக்காவ" என்று அந்த ஃபேனிடம் சொன்னார்.

கப்பல் பெட்டி கிரேனிலிருந்து கழன்று விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தது. அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று. அதில்தான் நான் கை வைத்திருக்கிறேன். இவர் மண்டபத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் சாந்தி தலை நிமிர்ந்து மேடை ஏற மாட்டாள்.

ஆனால் அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இவுகள மாதிரி உங்களுக்கு எத்தன பேரு தம்பி?"

"இவர மாதிரி இவர் ஒருத்தர்தான் அண்ணாச்சி."

அண்ணாச்சியும் கடைக்காரர் என்று தெரிந்ததும் மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சொந்தக்காரரைக் கண்ட மாதிரி மனம் திறந்தார். தன் கடையில் ஒருத்தன் பாதி தேய்ந்த சோப்பைக் கொண்டுவந்து வாசம் சரியில்லை என்று கொடுத்ததை அண்ணாச்சி சொன்னார். மழைக்குக் குடை வாங்கி வெயிலுக்குத் திருப்பிய ஆளைப் பற்றி மேனேஜர் சொன்னார். அண்ணாச்சி தொடையில் தட்டி, "சீ, மனுசனா அவன்?" என்றார். மேனேஜர் என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். ஜெனிட்டாவும் சேர்ந்துகொண்டு தோசைக்கல் கதையைப் பெயர் சொல்லாமல் எடுத்துவிட்டாள். ஒட்டவே ஒட்டாத கல் அது, திரும்பி வந்தபோது ஓரத்தில் மாவு இருந்தது என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அந்தக் கதைகளில் வருகிற ஆளை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

பெரிய சைஸில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை எடுத்து வந்து வைத்தார்கள். அண்ணாச்சியின் கை தன் சட்டைப் பைக்குப் போனது. நான் பாய்ந்து பிடித்தேன்.

"அண்ணாச்சி, நீங்க குடுக்கக் கூடாது. மாப்பிள்ளைத் துணி பொண்ணு வீட்லதான் எடுக்கணும்."

"தெரியுதுல்லா" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சீட்டில் போட்ட விலையை அப்படியே கொடுத்தேன். பில் போடும் பையன் போன் நம்பர் கேட்டான். வேண்டாம் என்றேன். ஜெனிட்டா தூரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

திரும்பும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. மண்டபத்துக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இறங்கி என் முன்னால் வந்து நின்றார்.

"நான் அங்கன ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எம் மருமவ மொகம் வாடிரக் கூடாது. ஆனா ஒண்ணு வே. அந்தச் சின்னச் சட்டைய நாளைக்கு நீரு போட்டுட்டு மேடைக்கு வரணும்."

அதுவரை "நீங்க" ஆக இருந்தவன் "நீரு" ஆகிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். மாப்பிள்ளைச் சட்டையை நான் எப்படிப் போடுவது என்று முனகினேன்.

"திருப்பத்தான் முடியாதே. பெறகு வீணாவா போடுதது? இம்புட்டு பேரம் பேசி வாங்குனது" என்றார்.

மறுநாள் அதிகாலை நான் மேடை ஏறியபோது நாதஸ்வரக்காரர் ஒரு கணம் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். எனக்குத் தைத்த மாதிரி இருந்தது சட்டை. அபிக்கு ஒரு பக்கம் சந்தன நிறப் பட்டில், அகல ஜரிகையோடு மாப்பிள்ளை. இன்னொரு பக்கம் அதே சந்தன நிறப் பட்டில், அதே ஜரிகையோடு, நரைத்த மீசையுடன் நான். போட்டோகிராபர் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சாந்தி நேராக என்னிடம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னண்ணே இது கோலம்?" என்றாள்.

பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"எங்க பக்க வழக்கம் தாயி. பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லாம மாப்பிள்ளை ஏது? ரெண்டு பேருக்கும் ஒரே துணிதான். நான்தான் போடச் சொன்னேன்."

அவர் பக்கத்து ஆட்களே முழித்தார்கள். ஆனால் அண்ணாச்சி சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. முதல் வரிசையில் இருந்த அவருடைய பெரியப்பா மகன் சற்று யோசித்துவிட்டு, "ஆமா, முன்ன இருந்தது. இப்பதான் யாரும் செய்யறதில்ல" என்றார். அவ்வளவுதான். வழக்கம் பிறந்துவிட்டது.

பிறந்தது வளரவும் செய்தது. அடுத்த முகூர்த்த மாதத்தில் மாப்பிள்ளையின் தங்கைக்குக் கல்யாணம், அவள் தாய்மாமனுக்கும் ஒரே துணி. பிறகு எங்கள் பக்கத்தில் இரண்டு கல்யாணம். ஒரு தாய்மாமன் தனக்கு வேறு நிறம் எடுத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார், சமாதானம் செய்ய நான்தான் போனேன். இப்போது அந்த மூன்று மாடிக் கடையிலேயே "மாப்பிள்ளை – தாய்மாமன் ஜோடிப் பட்டு" என்று கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நல்ல விற்பனை என்று ஜெனிட்டா சொன்னாள்.

சொந்தபந்தத்துக்குள் உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர்: நான், என் மனைவி, அண்ணாச்சி. சாந்திக்கு இன்றுவரை தெரியாது. நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆவணியில் எங்கள் சித்தப்பா பேத்தியின் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் மதுரைப் பக்கம். தாய்மாமனுக்கும் ஏன் மாப்பிள்ளையைப் போலவே எடுக்க வேண்டும், இது எந்தக் காலத்து வழக்கம் என்று அவர்களில் ஒருவர் கேட்டுவிட்டார். சாந்திக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க அண்ணனைக் கேளுங்க. இந்த ஊர்ல எது எப்ப ஆரம்பிச்சதுன்னு அவருக்குத் தேதியோட தெரியும்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேதி தெரியும், கிழமை தெரியும், பில் நம்பர்கூடத் தெரியும். எதிரே தங்கப்பழம் அண்ணாச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பப் பழைய வழக்கம்" என்றேன்.