எண்ணெய் தடவிய பைனாகுலர்

அன்புத் தம்பிக்கு, விளக்கேற்றும்போதெல்லாம் உன் பெயரையும் சேர்த்துச் சொல்லும் அக்கா எழுதிக்கொள்வது.

சம்பவ நாட்களில் வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், மாடி வீட்டுத் தையற்காரம்மா. ஆக மூன்று பேர். பழியைப் பங்கு போட இது போதாது.

பறவை பார்க்கப் போகவேண்டும், மாதக் கடைசிக்குள் பைனாகுலரைத் திருப்பி அனுப்பு என்று எழுதியிருந்தாய். கால் ஆபரேஷனுக்குப் பிறகு உன் அத்தான் கட்டிலை விட்டு எழுந்து ஜன்னல்வரை நடப்பதே அதில் வெளியே பார்க்கத்தான். போகட்டும், உன் பொருள். துடைத்து அனுப்பலாம் என்று எடுத்தேன். மேலே போர்த்தியிருக்கும் ரப்பர் வெளுத்துக் கிடந்தது, வறண்டு போச்சே பாவம் என்று தேங்காய் எண்ணெய் நான்கு சொட்டு, நான்கே சொட்டு, தடவினேன், மறுநாள் பாகு மாதிரி கையோடு வந்தது, பவுடர் போடுங்க சரியாயிடும் என்றாள் தையற்காரம்மா, போட்டேன், அது லென்ஸில் அப்பிக்கொண்டது, முந்தானையால் தேய்த்தேன், இன்னும் பரவிற்று. அதற்குள் உன் அத்தான் வாங்கிக் கண்ணில் வைத்து, "ஏம்மா, வெளியில பனி கொட்டுதா?" என்றார். இரண்டு கண்ணைச் சுற்றியும் வெள்ளை வளையம். அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். பழைய பேப்பரில் சுற்றி, டப்பாவில் இறுக மூடி, சாமி படத்தடியில் வைத்து வேண்டிக்கொண்டேன். நான்காம் நாள் பிரித்தால் பேப்பர் வந்தது, எழுத்து வரவில்லை. ‘வீடு வாடகைக்கு, சிறு குடும்பத்துக்கு மட்டும்’ என்று ரப்பர் மேல் இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது. பறவைகள் பார்த்தால் என்ன நினைக்கும். ஆகவே இது இனி உனக்கு உதவாது, இங்கேயே கிடக்கட்டும்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் அவன் காப்பான்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், சாமி முன்னால் கை வரவில்லை. மேலே எழுதியதெல்லாம் நடந்ததுதான். ஆனால் கண்ணாடிக் கடைக்காரர் போன வாரமே சரிசெய்துவிட்டார். லென்ஸில் இருந்த பவுடரை ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, அப்புறம்தான் துணி வைத்தார். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி. "ரப்பருக்கு எண்ணெய் ஆகாதும்மா. ஈரம் காயாம டப்பாவில அடைக்காதீங்க" என்றார். எழுத்துகூடப் போய்விட்டது. நேற்று உன் அத்தான் ஜன்னலுக்குப் பதினோரு தடவை நடந்தார். இன்று தடியில்லாமல் வாசல்வரை போய், "அங்கேர்ந்து இன்னும் நல்லாத் தெரியுது" என்கிறார். அனுப்பிவிடவா, இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமா? சீக்கிரம் பதில் போடு.