கழுத்து மாறிய கிட்டார்கள்

இரவல் வாங்கிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக மூச்சுவிட்ட மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதுவும் இரவல் கொடுத்தவர் நம் வேலைக்கு மேலதிகாரியாக இருந்துவிட்டால், மூச்சுவிடுவதற்குக்கூட அவரிடம் அனுமதி கேட்கத் தோன்றும்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் தீவில், பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் எனக்குப் புதிய வேலை. சர்க்கியூட் போர்டுகளில் சோல்டர் ஈயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, நல்லதை ஒருபுறமும் கெட்டதை மறுபுறமும் வைக்க வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காகப் பார்த்தால் வேலை நிரந்தரம். ஒழுங்காகப் பார்த்தேனா என்று சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர் சந்திரன் அண்ணன்.

சந்திரன் அண்ணனிடம் ஓர் அமெரிக்க கிட்டார் இருந்தது. இரண்டு கொம்பு வைத்த அந்தப் பிரபலமான எலக்ட்ரிக் கிட்டார். நடுவில் மஞ்சள், ஓரத்தில் கறுப்பு, நெஞ்சில் வெள்ளைத் தகடு. அறுபதுகளின் மாடல். அவர் அதைத் தம் மனைவியைக்கூடத் தொடவிட்டதில்லை. (அக்காவுக்கும் அதைத் தொட ஆசை ஒன்றும் இல்லை. தூக்கிக் கடலில் போடத்தான் ஆசை.)

நான் ஒரு கல்யாண பேண்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து நிகழ்ச்சி. அதற்கு முந்தின வாரம் என் கிட்டார் செத்துப்போனது. எந்தத் துணிச்சலில் கேட்டேனோ தெரியவில்லை, அண்ணனும் எந்த மயக்கத்தில் கொடுத்தாரோ தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு நானே வந்து எடுத்துக்கறேன். ஒரு கீறல் விழுந்துச்சுன்னா, தெரியும்லா?" என்றார்.

தெரியும்.

எங்கள் பேண்டில் இன்னொரு கிட்டார் ரவியுடையது. ஜப்பானில் செய்த நகல். அதே கொம்பு, அதே மஞ்சள், அதே வெள்ளைத் தகடு. போதாததற்கு அமெரிக்கக் கம்பெனியின் பெயர் ஸ்டிக்கரை எங்கிருந்தோ வாங்கி, தலையில் ஒட்டி, மேலே வார்னிஷும் அடித்து வைத்திருந்தான். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் இந்த மாடல்களைப் பற்றியேதான் பேச்சு. "அறுபதுல தலை சின்னது, எழுபதுல பெருசு. பழசுக்குக் கழுத்துல நாலு ஸ்க்ரூ, புதுசுக்கு மூணு" என்று நான் பிரசங்கம் செய்வேன். அமெரிக்கக் கிட்டாரையும் ஜப்பான் கிட்டாரையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வேன் என்று சவால்கூட விட்டிருக்கிறேன்.

விருந்தின் நடுவே மழை கொட்டியது. பந்தல் ஒழுகியது. எவனோ கரண்டு அடிக்கும் என்று கத்தினான். வாரையும் வயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கையில் கிடைத்த மேசைத் துணிகளில் கிட்டார்களைச் சுற்றி சாப்பாட்டு வேனுக்குள் ஏற்றினோம். பெர்ரியில் ஏறித் தீவுக்கு வந்து, லிட்டில் இந்தியாவில் ரவியின் அப்பா வைத்திருந்த மசாலைக் கடையில் மூட்டையைப் பிரித்தபோது மணி மூன்றுக்கு மேல். அண்ணனை வரச்சொல்லியிருந்ததும் அங்கேதான்.

இரட்டைப் பிள்ளைகள்போல இரண்டு கிட்டார்கள் படுத்துக் கிடந்தன.

"உன்னோடது எதுடா?" என்றேன்.

ரவி இடதுபக்கத்தைக் காட்டினான். பிறகு வலதுபக்கத்தை. பிறகு, "நீதானே கண்ண மூடிக்கிட்டே சொல்லுவே" என்றான்.

கண்ணை மூடினேன். சந்திரன் அண்ணனின் முகம்தான் தெரிந்தது.

தலையைப் பார்த்தோம், இரண்டும் சின்னத் தலை. ஸ்க்ரூவை எண்ணினோம், இரண்டிலும் நாலு. ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கேட்கலாம் என்றால் அது மழையில் நனைந்து 'உர்ர்' என்றதோடு சரி. ரவி இரண்டையும் மிளகாய் நிறுக்கும் தராசில் வைத்தான். ஒன்று கொஞ்சம் கனம்.

"கனமானதுதான் அமெரிக்கா" என்றான்.

"லேசானதுதான் அமெரிக்கா" என்றேன். கோப்பிக் கடையில் நாங்கள் இரண்டையுமே சொல்லியிருந்தோம்.

அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. (என்னுடையதுதான். ரவியைக் குறை சொல்ல முடியாது.) "கழுத்தக் கழட்டுனா உள்ள தேதி முத்திரை இருக்கும்டா!"

கம்பிகளை உருவினோம். கவிழ்த்துப்போட்டு ஸ்க்ரூவைத் திருகினோம். அந்த நாலு ஸ்க்ரூவும் ஒரு சின்ன இரும்புத் தகட்டின் வழியாகப் போகும்.

"டேய், இந்தத் தகட்டுல ஏதோ நம்பரு இருக்குதே" என்றான் ரவி.

"அது ஏதாச்சும் பார்ட் நம்பரா இருக்கும். நேரமாவுது, கழட்டுலா!"

கழுத்துகள் வந்தன. ஒன்றின் அடியில் மங்கலாக ஒரு மாதமும் வருடமும். மற்றதில் ஒன்றுமில்லை. கண்டுபிடித்துவிட்டோம்! ஆளுக்கொரு கழுத்தைத் தூக்கிப் பிடித்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தால் மேசை காலியாக இருந்தது. மல்லி வாங்க ஆள் வந்ததால் ரவியின் அப்பா உடம்புகள் இரண்டையும் எடுத்து அரிசி மூட்டையில் சாய்த்து வைத்திருந்தார்.

"அப்பா, இதுல எது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எந்தப் பக்கம் இருந்தா என்னடா? கட மேசையில என்ன வேல அதுக்கு?"

அதுவரை ஒரு முழு அமெரிக்கா எங்கேயோ இருந்தது. இப்போது இரண்டு அரை அமெரிக்கா.

முத்திரைக் கழுத்து இரண்டு உடம்பிலும் உட்கார்ந்தது. கனமான உடம்பையே எடுத்தோம்; ரவி அப்போதும் அதைத்தான் சொன்னான், எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. கம்பியை மாட்டி முடிக்கும்போது வெளியே மோட்டோ வந்து நின்றது. சந்திரன் அண்ணன்.

கிட்டாரை வாங்கினார். மடியில் வைத்தார். ஒருமுறை தட்டினார். முகம் மாறியது.

"இத யாரு பிரிச்சது?"

"பிரிக்கலைண்ணே. மழை... லேசா துடைச்சோம்."

"பொய் சொல்றான் தம்பி" என்றார் ரவியின் அப்பா, மல்லி நிறுத்துக்கொண்டே. "என் தராசுல வெச்சு எடை போட்டானுங்க. அப்புறம் கழுத்தத் திருகிட்டானுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் ஸ்க்ரூடிரைவரை வாங்கி, இரண்டு கிட்டாரின் வெள்ளைத் தகடுகளையும் கழற்றி, வயர்கள் தெரியும்படி என் முன்னால் வைத்தார்.

"குணா, ஃபேக்டரியில உனக்கு என்ன வேலை?"

"சோல்டர் செக் பண்றதுண்ணே."

"இத செக் பண்ணு."

ஒன்றில் ஒவ்வொரு இணைப்பும் சின்னதாக, பளபளவென்று, அளவெடுத்ததுபோல இருந்தது. அண்ணன் தாமே புதிதாக வைத்த கைவேலை; தொழிற்சாலையில் மாதிரிக்கென்று அவர் செய்துகாட்டும் போர்டுகளில் நான் பார்க்கும் அதே கை. மற்றதில் ஈயம் மூக்குச்சளிபோல ஒழுகிக் காய்ந்திருந்தது.

"ரிஜெக்ட்ண்ணே" என்றேன்.

"எது?"

"நாங்க உங்களுக்குக் குடுத்தது."

தலையாட்டினார். "என் கிட்டார் நம்பரு எனக்கு மனப்பாடம். கழுத்துக்குப் பின்னாடி, இரும்புத் தகட்டுல அடிச்சிருக்கும். ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எங்க அந்தத் தகடு?"

ரவி இரண்டு கிட்டாரையும் கவிழ்த்துக் காட்டினான். தகடுகளையும் அவசரத்தில் மாற்றித்தான் முடுக்கியிருந்தோம். அண்ணன் அங்கேயே, மிளகாய் நெடியில் தும்மித் தும்மி, இரண்டு கிட்டாரையும் பிரித்து ஒழுங்காகப் பூட்டினார். ஒவ்வொரு தும்மலுக்கும் என் உயிர் போய் வந்தது.

வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரமாவது சில மாதம் தள்ளிப்போனது. காரணம் கேட்டால், "கவனம் பத்தாதுலா" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். நியாயம்தான்.

பிற்பாடு எனக்குக் கல்யாணமாகி இரட்டைப் பையன்கள் பிறந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ரவி, பிள்ளைகளை என் கையில் பார்த்ததும் வாசலிலேயே அலறினான்: "அண்ணி, இவன்கிட்ட ரெண்டையும் சேத்துக் குடுக்காதீங்க!" கதையை முழுக்கக் கேட்டபின் என் மனைவி தையல் வலியோடு சிரித்தாள்.

பையன்கள் இப்போது வளர்ந்து ஆளுக்கொரு வேலையில் இருக்கிறார்கள். பெரியவன் சாமான் வாங்கப் போனால் பாதியை மறந்துவிட்டு வருவான். மற்றவன் வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறினாலும் கண்டுபிடிப்பான். பெரியவன் எதையாவது தொலைத்துவிட்டு வந்து நிற்கும்போதெல்லாம் என் மனைவி அவனைத் திட்டுவதில்லை. நேராக என் பக்கம் திரும்புகிறாள்.

"உங்கள நம்பி அன்னைக்கு ரெண்டையும் சேத்துக் குளிப்பாட்டக் குடுத்தேன் பாருங்க. கழுத்த மாத்திப் பூட்டிட்டீங்க."