பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கரியும் ராஜபாளையம் பஸ்ஸும்

நான் கஞ்சன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுகிறேன், ஏனென்றால் படித்து முடிக்கும்போது நீங்கள் நம்பப் போவதில்லை. கஞ்சன் செலவே செய்யமாட்டான். நான் செலவைத் தள்ளிப்போடுகிறவன், அவ்வளவுதான். தள்ளிப்போட்ட செலவு ஒருநாள் மேளதாளத்தோடு வந்து நிற்கும் என்பதை என் மைத்துனன் கல்யாணத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

சங்கரன்கோவிலில் என் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர்தான். இதற்கு எதற்கு டீசல் கார் என்று என் மனைவி கோமதி கேட்டாள். டீசல்தான் மைலேஜ் கொடுக்கும் என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டு, ஒரு பழைய டீசல் காரை வாங்கிவந்தேன். வாங்கிய நாளிலிருந்து அதை முப்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. இன்ஜினுக்கு வலிக்கக் கூடாது என்பது என் கொள்கை. (சைக்கிளில் போகிறவர்கள் என்னை முந்திப் போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். காரின் அழகைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.)

ஆறே மாதத்தில் மீட்டரில் ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மெக்கானிக் இசக்கியிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த வண்டிய எங்கனதான் ஓட்டுதீய?"

"ஆபீசுக்கு. சாயங்காலம் கோயிலுக்கு."

"அதான். சைலன்சர் போற வழியில ஒரு வடிகட்டி இருக்கு. டீசல் புகையில உள்ள கரிய அது பிடிச்சு வைக்கும். வண்டி வேகமா, சூடா ஓடுனா அந்தக் கரி தானா எரிஞ்சி போயிரும். நீங்க ரத வீதியவே சுத்திக்கிட்டு இருந்தா எப்படி எரியும்? அடைச்சிட்டு."

"சரி, என்ன செய்யணும்?"

"கழட்டிக் கழுவணும். பன்னெண்டாயிரம் ஆகும். விட்டுட்டீயன்னா புதுசுதான் மாத்தணும், அது லட்சத்துக்குப் பக்கத்துல வரும்."

கரியைக் கழுவப் பன்னிரண்டாயிரமா? எங்கள் வீட்டில் காபி வடிகட்டியைத் தினமும் கழுவுகிறோம், ஒரு ரூபாய் செலவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து இசக்கி இரங்கினார்.

"செலவில்லாம ஒரு வழி இருக்கு. ராஜபாளையம் ரோட்டுல அறுபது எழுபதுல அரை மணி நேரம் ஓட்டுங்க. ஆனா நடுவுல எங்கயும் நிக்கப்பிடாது, வண்டிய அணைக்கப்பிடாது. கரி எரிஞ்சிக்கிட்டு இருக்கும்போது அணைச்சீயன்னா பாதியில நின்னுபோயிரும்."

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் மற்றதெல்லாம் என் காதில் சரியாக விழவில்லை. கோமதி மட்டும் அன்றைக்கே சொன்னாள்: "பன்னெண்டாயிரத்தக் குடுத்துக் கழுவிருங்க. அடுத்த மாசம் தம்பி கல்யாணம். மாப்பிள்ளைய நீங்கதான் கூட்டிட்டுப் போவணும்."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. என் மாமனார் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளையை வண்டியில் கூட்டிப்போய், கைபிடித்து மணமேடையில் உட்கார வைக்க வேண்டியது அக்காள் வீட்டுக்காரர். அதற்குப் பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், சபை நடுவே சந்தனம் எல்லாம் உண்டு. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைக்கப்போகும் ஒரே மரியாதை அதுதான்.

"அதுக்குள்ள எரிச்சிருதேன்" என்றேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அறுபதைத் தொட்டேன். கரிவலம்வந்தநல்லூர் பஸ் நிறுத்தத்தில் உரக்கடை முத்தையா அண்ணாச்சி கையில் பையோடு நின்றிருந்தார். என் மாமனாருக்கு வேண்டப்பட்டவர். தெரிந்தவர் வெயிலில் நிற்க, காரில் அவரைக் கடந்துபோவது எங்கள் பக்கத்தில் கொலைக்குற்றத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நிறுத்தினேன். வண்டியை உறுமவிட்டுக்கொண்டு பெரியவரிடம் பேசுவது மரியாதை இல்லை என்பதால் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

"ராஜபாளையத்துக்கா போறீய? மக வீட்டுக்குத்தான் போறேன், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயிருவேன்" என்றபடி ஏறினார். வழியில் பேத்திக்குச் சேவு வாங்க ஒருமுறை, வெற்றிலை வாங்க ஒருமுறை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு முறையும் மரியாதையாக அணைத்தேன்.

அடுத்த ஞாயிறும் அங்கேயே நின்றார். "நீங்க வருவீயன்னுதான் வந்த பஸ்ஸ விட்டுட்டேன்" என்றார். அதன்பிறகு எப்படிக் கடந்துபோவது? மூன்றாவது ஞாயிறு அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்.

இசக்கி கேட்டார்: "அரை மணி நேரம் ஓட்டுனீயளா?"

"ஓட்டுனேன்." (கூட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்துக்கு மேலேயே வரும்.)

"நிக்காம?"

"கிட்டத்தட்ட."

விளக்கு இப்போது விட்டுவிட்டு மினுங்கத் தொடங்கியிருந்தது. கோமதி பார்த்தால் பன்னிரண்டாயிரம் பேச்சை மறுபடி எடுப்பாள். ரொம்ப யோசித்து, கோயில் வாசலில் ஒரு சின்ன சங்கரநாராயணர் ஸ்டிக்கர் வாங்கி அந்த விளக்கின் மேலேயே ஒட்டினேன். மறைப்பதற்கு மறைப்பு, பாதுகாப்புக்குப் பாதுகாப்பு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்யாண நாள் வந்தது. ஒன்பது மணிக்குள் முகூர்த்தம், பெண் வீட்டு ஊரான ராஜபாளையத்தில். உறவுக்காரர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். மாப்பிள்ளை மகேஷை உட்கார வைத்து, முன்னால் நாதஸ்வரம் போக, ரத வீதியை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்புவது வழக்கம். நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்துக்கு என் கார் ஒரு மணி நேரம் ஊர்ந்தது. இருந்த கொஞ்சநஞ்ச இடத்திலும் கரி அப்பியது அப்போதுதான் என்று பிற்பாடு இசக்கி சொன்னார்.

ஊரைத் தாண்டினோம். நாலைந்து கிலோமீட்டரில் வண்டி சோர்ந்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் முப்பது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து எங்களை முந்தியது.

"அத்தான், கொஞ்சம் வேகமாப் போலாமே" என்றான் மாலைக்குள்ளிருந்து மகேஷ்.

"மாப்பிள்ளை வண்டி நிதானமாத்தான் போவணும்" என்றேன்.

முன்சீட்டில் இருந்த கோமதிக்கு என் குரலிலேயே ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். மீட்டரை உற்றுப் பார்த்தாள். சாமிக்குப் பின்னால் ஏதோ மினுங்குவதைக் கண்டு, நகத்தால் ஸ்டிக்கரை மெதுவாக உரித்தாள். ஆரஞ்சு விளக்குக்குத் துணையாக இன்னும் இரண்டு விளக்குகள் சேர்ந்திருந்தன. உரித்த ஸ்டிக்கரைப் பத்திரமாக மடியிலிருந்த தாம்பாளத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கணக்குப் போட்டேன். முப்பதிலேயே போனாலும் எட்டே முக்காலுக்கு மண்டபத்தில் இருப்போம். தப்பித்துவிடலாம். நிற்காமல் போனால் போதும்.

கரிவலம் பஸ் நிறுத்தத்தில், புது வேட்டி கட்டி, கல்யாணப் பத்திரிகையைக் கையில் பிடித்தபடி, முத்தையா அண்ணாச்சி நின்று கைகாட்டினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் நிறுத்த நினைக்கவில்லை. என் கால் நிறுத்தியது. என் கை சாவியைத் திருப்பியது. "வாங்க அண்ணாச்சி" என்று என் வாய் சொன்னது.

அப்புறம் அந்த வண்டி கிளம்பவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மகேஷ் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். கோமதி என் பக்கம் திரும்பினாள்.

"என் தம்பி தாலி கட்டப் போறான். நீங்க அந்த ஆளப் பாத்ததும் வண்டிய அணைக்கீய. எதுக்கு அணைச்சீய?"

"மரியாதைக்கு" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை.

அதற்குள் ராஜபாளையம் பஸ் வந்தது. முத்தையா அண்ணாச்சி நடு ரோட்டில் இறங்கி அதை நிறுத்தினார். பட்டு வேட்டி மாப்பிள்ளை மறுபடி மாலையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினான், கோமதி தாம்பாளத்தோடு ஏறினாள், பின்னாலேயே அண்ணாச்சியும் ஏறிக்கொண்டார். ஜன்னல் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் எழுந்து மாப்பிள்ளைக்கு இடம் கொடுத்தது எனக்குத் தெரிந்தது. வண்டியை அனாதையாக விடக் கூடாது என்று நான் நின்றுவிட்டேன். (கோமதியோடு பஸ்ஸில் ஏறுவதைவிட அது பத்திரம் என்றும் தோன்றியது.)

மாப்பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்று கண்டக்டர் சொன்னாராம். கௌரவம் போய்விடும் என்று முத்தையா அண்ணாச்சி மூன்று பேருக்கும் எடுத்தாராம். முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அக்காள் வீட்டுக்காரர் எங்கே என்று ஐயர் கேட்க, கைபிடித்து உட்கார வைக்க ஆள் வேண்டுமே என்று முத்தையா அண்ணாச்சியையே உட்கார வைக்கச் சொல்லிவிட்டார் என் மாமனார். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், சந்தனம் எல்லாம் அவருக்கே போனது. நான் கட்டி இழுத்த வண்டியோடு இசக்கியின் பட்டறையில் இருந்தேன்.

வடிகட்டியைக் கழுவும் கட்டம் தாண்டிவிட்டது. புதிது போட்டதற்கு அவர் சொன்ன தொகையை இங்கே எழுத மாட்டேன். அந்தக் கல்யாணத்தில் எங்கள் சார்பாகச் செய்த சீரைவிடக் கூடுதல் என்று மட்டும் சொல்கிறேன். கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இன்றைக்கும் அந்த பஸ் டிக்கெட் ஒட்டியிருக்கிறது. அங்கவஸ்திரத்தை முத்தையா அண்ணாச்சி ஊரில் நடக்கிற எல்லா விசேஷத்துக்கும் போட்டுக்கொண்டு வருகிறார்.

இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எழுபதில், யாருக்கும் நிற்காமல் ராஜபாளையம் போய்த் திரும்புகிறேன். காரு வந்ததும் ஆள் மாறிட்டான் என்று பாதி ஊர் பேசுகிறது. வீட்டிலிருந்தபடி கோமதி ஒவ்வொருவருக்காக போன் போட்டு, "தப்பா நெனைக்காதீய, கரி எரிக்கப் போயிருக்காவ" என்று சமாதானம் சொல்கிறாள்.

போன ஞாயிறு கரிவலம் நிறுத்தத்தில் ஒருவன் பெண்டாட்டியோடும் குழந்தையோடும் நின்று கையை ஆட்டினான். கடந்துபோன பிறகுதான் கண்ணாடியில் தெரிந்தது, அது மகேஷ். காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே காரில் போன் அடித்தது.

"நிக்காதீய அத்தான், நீங்க போங்க" என்றான். "பஸ் வந்துட்டு. மாமனார் வீட்டுக்கு நான் பஸ்ல போயித்தான் பழக்கம்."