புலிப்பேட்டை மேற்கு விரிவு

ஒரு காட்டில், அதுவும் வெறும் காடு இல்ல, ஏரியா ஏரியாவா பிரிச்சு ரேட்டு போட்ட காட்டுல, பரமுன்னு ஒரு வெள்ளை முயல் வீடு தேடி அலைஞ்சான். பொண்டாட்டி செம்பாவுக்கு நிறைமாசம். மழைக்கு முன்னாடி சொந்தமா ஒரு வளை வாங்கியாகணும்.

புரோக்கர் கனகு ஒரு ஓணான். எதைக் கேட்டாலும் தலையாட்டுவான், அதனாலயே தொழில்ல நல்ல பேரு. ஓடைக்கு இந்தப் பக்கம் புலிப்பேட்டை, வளை முப்பது மூட்டை கிழங்கு. அந்தப் பக்கம் நண்டுக்குழி. அதே மண்ணு, அதே சைஸு, பத்தே மூட்டை. ஏன் இவ்ளோ வித்தியாசம்னு பரமு கேட்டான்.

"இங்க புலி குடியிருக்காருல்ல சார். விஐபி ஏரியா."

வாரம் ஒருத்தரைப் புலி எடுத்துக்குமாம். அதைச் சாவுன்னு சொல்றது அநாகரிகம், மெயின்டெனன்ஸ்னு சொல்லணுமாம். ஆனா எல்லை விஷயத்துல புலி கறார். ஓடை தாண்டி ஒரு எலியைக்கூடத் தொட்டதில்ல.

"அப்ப நண்டுக்குழியிலயே வாங்குய்யா," ன்னா செம்பா. "புள்ளைங்க உசுரோட வளரும்."

வாங்கியாச்சு. குட்டிங்களும் பொறந்தாச்சு. அத்தோட கதை முடிஞ்சிருக்கணும். ஆனா செம்பாவோட தம்பி புலிப்பேட்டைவாசி. குட்டிங்களைப் பாக்க வந்தவன் பாத்துட்டுச் சும்மா போனானா?

"நண்டுக்குழியா மாமா? வெளிய சொல்லிராதீங்க. நாளைக்குப் பொண்ணுங்களுக்கு மாப்பிள்ளை அமையாது."

அன்னிக்கே பரமு தின்னுட்டிருந்த புல்லைப் பாதியில விட்டுட்டு எந்திரிச்சான். நேரா கனகுகிட்ட போயி, ஏரியா பேரை மாத்திட்டா என்னன்னு கேட்டான். கனகு தலையாட்டினான். ஓடைக்கரையில பலகை நட்டாங்க: 'புலிப்பேட்டை மேற்கு விரிவு'. மறுவாரமே ரேட்டு இருபது மூட்டை. பரமு காதை நிமித்திக்கிட்டு நடந்தான்.

தண்ணி குடிக்க வந்த புலியும் பலகையைப் படிச்சுது. இதுவும் நம்ம ஏரியாதானா, இத்தனை நாளா ஒரு பய சொல்லலியேன்னு வருத்தப்பட்டுக்கிட்டே ஓடையைத் தாண்டுச்சு.

செம்பா குட்டிங்களைக் கிளப்பிட்டா. "காலடி கேக்குதுய்யா. பின்வழியா ஓடிரலாம், வா."

"நீ முன்னாடி போ," ன்னான் பரமு. "புலியே வந்துட்டா நாம விரிவு இல்லடி, மெயின் ஏரியா. இப்ப ரேட்டு என்னன்னு கனகுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

முன்வாசல் வழியா தலையை நீட்டினான்.

ரேட்டு முப்பத்தஞ்சு மூட்டை. மறுநாள் ஒரு கீரிக்கு வளையைச் சுத்திக் காட்டும்போது கனகு பெருமையா சொன்னான். "ஓனர் நேத்துதான் காலி பண்ணாரு. புலி நேர்லயே வந்து பாத்துட்டுப் போன வீடு சார்." வாசல்ல வெள்ளையா மெத்துனு ஏதோ கெடந்துது. கால்மிதி போலன்னு கீரி அதுல காலைத் தொடைச்சிக்கிட்டு உள்ள போனான்.

செம்பாவும் குட்டிங்களும் ரெண்டு மலை தாண்டி, பேரே இல்லாத ஒரு புதர்ல வாடகைக்கு இருக்காங்க.

நீதி: புலியைப் பாத்தா வாடகைக்காரன் ஓடுவான், சொந்த வீட்டுக்காரன் ரேட்டு விசாரிப்பான்.