ஈரல் பாப்பாவும் மிளகாய் வறுக்காத தெருவும்

ஈரலை வறுத்துத் தின்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் எங்கள் கம்பைநல்லூர் யாருக்கும் சளைத்ததில்லை. ஆனால் ஈரலைத் தட்டில் போட்டு, வேளாவேளைக்குத் தீனி வைத்து வளர்க்கிற ஆள் தர்மபுரி ஜில்லாவிலேயே ஒருத்திதான். அவள் எங்கள் எதிர்வீட்டுப் பெண். பெற்றவர்கள் வைத்த அழகான பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. ஆதார் கார்டைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகமில்லை. தெருவுக்கே அவள் ஈரல் பாப்பா.

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ஊருக்கு வந்தால் முதலில் போவது கறிக்கடைக்கு. வாங்க மாட்டாள். தொங்குகிற ஈரலைக் குனிந்து பார்ப்பாள், நிமிர்ந்து பார்ப்பாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்ப்பாள். பெண் பார்க்க வந்த எந்த மாமியாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். ஒருநாள் கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏன் பாப்பா, இதை நீ எதுல இருந்துதான் வளக்கற?"

"ஸ்டெம் செல்லுல இருந்துங்கண்ணா. பெருசானா என்ன ஆகறதுன்னு இன்னும் முடிவு பண்ணாத செல்லு."

"எம் பையன் மாதிரின்னு சொல்லு."

"அதேதாங்கண்ணா. அதுக்குத் தினமும் சத்துத் தண்ணி மாத்தி மாத்தி ஊத்தி, ஈரலாவு ஈரலாவுன்னு வழிக்குக் கொண்டாரணும். கொஞ்சம் அசந்தாக் கொடலாப் போயிரும்."

"போவட்டுமே. கொடலும் நல்லாத்தான் விக்கும்."

இதெல்லாம் எதற்கு என்று நானும் கேட்டேன். புதிதாகக் கண்டுபிடிக்கிற மாத்திரை மனிதனின் ஈரலைக் கெடுக்குமா என்று மனிதனுக்குக் கொடுக்கும் முன்பே இந்தச் செல்களில் பார்த்துவிடலாமாம். என்றைக்காவது ஒருநாள் கெட்டுப்போன ஈரலுக்கே இதை வைத்து ஒட்டுப்போட முடிந்தாலும் முடியும் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும்.

சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கைப்பையில் எப்போதும் ஸ்பிரிட் பாட்டில் இருக்கும். சொந்தக்காரர் கல்யாணத்தில் வாழையிலைக்கு எல்லாரும் தண்ணீர் தெளித்தால், இவள் ஸ்பிரிட் தெளித்தாள். பாயசம் வருவதற்குள் "தீனி வெக்கிற நேரமாச்சு" என்று எழுந்தும் விட்டாள். பஸ் கிடைக்கவில்லை. கர்நாடகச் சந்தைக்குப் பட்டுக்கூடு ஏற்றிப்போன வேனில், மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து, பட்டுப்புடவையோடு பெங்களூர் போய்ச் சேர்ந்தாள்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை. அவள் அப்பா பட்டுப்புழு வளர்க்கிறவர். புழு தின்கிற நாட்களில் அவர் புழு வூட்டுக்குள் மந்திரியே வந்தாலும் நுழைய முடியாது. வாசலில் சுண்ணாம்புத் தூளை மிதித்துவிட்டுத்தான் அவரே உள்ளே போவார். பீடி, சென்ட், தாளிக்கிற நெடி எதுவும் ஆகாது; புழு தீனியை விட்டுவிடும். அந்த நாட்களில் அக்கம்பக்கத்து வீடுகள் மிளகாய் வறுக்காது. திருஷ்டிக்கு நிலைப்படியில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கும்.

அந்த எலுமிச்சம்பழத்தால்தான் வினை வந்தது.

மகளைப் பார்க்கப் பெங்களூர் போனவரை, தொப்பி மாட்டி, அங்கி மாட்டி, இரண்டு முறை கை கழுவ வைத்து ஆய்வுக்கூடத்துக்குள் கூட்டிப்போயிருக்கிறாள். வெதுவெதுப்பான பெட்டி, அடுக்கடுக்காகத் தட்டு, நேரத்துக்குத் தீனி. மனிதர் பூரித்துப் போனார். "அட, நம்ம புழு வூடேதான்! ஆனா காவலு இல்லியே?" என்று நினைத்தவர், மகள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் மடியிலிருந்த குங்குமம் தடவிய பழத்தைப் பெட்டியின் மூலையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பழம் சும்மா இருக்குமா? பூஞ்சணம் பூத்து, தட்டெல்லாம் பரவி, ஈரலாக வேண்டிய அத்தனை செல்லும் போயிற்று. பேராசிரியர் பழத்தை இடுக்கியால் தூக்கிக் காட்டினாராம்.

"என்னம்மா இது?"

"எலுமிச்சம்பழம் சார்."

"அது தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"காவல் காக்குது சார்."

ஏற்கெனவே பலமுறை தோற்ற வேலை அது. இன்னும் ஒரே ஒரு பேட்ச், அதுவும் போனால் ஈரலை மறந்துவிட்டு வேறு வேலைக்கு மாற வேண்டும் என்று சொல்லிவிட்டார் பேராசிரியர். அத்தனை வருட உழைப்பு அந்தத் தட்டுகளில் போய் நின்றது.

கடைசிப் பேட்ச் தொடங்கிய அன்று பாப்பாவின் அப்பா வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"கொஞ்ச நாளைக்கு மொளகா வறுக்காதீங்க சாமி. பாப்பா தட்டு வெச்சிருக்குது."

எனக்குக் காரக்குழம்பு இல்லாமல் களி இறங்காது. "ஏனுங்க, இங்க வறுக்கற நெடி பெங்களூருக்குப் போவுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"போவாதுன்னு எனக்குந் தெரியுமுங்க. கெடுத்தது நானு. எம் புள்ள அங்க ஒண்டியாத் தவிக்கறப்ப, என்னைய வேறென்ன பண்ணச் சொல்றீங்க?"

எங்கள் வீட்டம்மா மிளகாய் டப்பாவைப் பரண்மேல் ஏற்றினாள். தெரு முழுக்க வெள்ளைச் சாம்பாரும் தயிரும்தான். கறிக்கடைக்காரர் வீட்டில் மிளகு போட்டுக் கறி வைத்துக்கொண்டு, மிளகு கணக்கில் வராது என்று வாதாடினார். புழு கூடு கட்ட எத்தனை நாள் பிடிக்குமோ ஏறக்குறைய அத்தனை நாள் அந்தச் செல் ஈரலாகவும் பிடித்தது. நான் மெலிந்தேன்.

பிறகு ஒருநாள் போன் வந்தது. பாப்பாவின் அப்பா செருப்புகூடப் போடாமல் மல்பெரித் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். "ஈரலு ஆயிருச்சுங்க! ஈரலு சொரக்கிற புரதம் அந்தத் தட்டுலயும் சொரக்குதாமா!"

அன்று சாயங்காலம் தெருவில் அத்தனை வீடும் ஒரே நேரத்தில் மிளகாய் வறுத்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தும்மல். அடுத்த வாரம் பாப்பா வந்து செல்போனில் படம் காட்டினாள். தேன்கூட்டுக் கண்ணறை மாதிரி ஒட்டி ஒட்டி நின்றன செல்கள். கறிக்கடைக்காரர் வாங்கி வெகுநேரம் பார்த்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார். "நல்ல ஈரலு பாப்பா. எளசு" என்றார். தெருவே மிளகாய் வறுக்காமல் கிடந்தது தெரிந்த பிறகு பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள். "நெடி அங்க வராதுங்கண்ணா, எத்தன தரம் சொல்றது!" என்று என்னிடம் சண்டைக்கே வந்தாள். சண்டை போட்டவள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போனாள். எங்கள் தெருப் பெண் மனித ஈரலை வளர்க்கிறாள் என்று அரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நானாகவே சொல்கிற வழக்கம் அன்றைக்குத்தான் எனக்கு ஒட்டிக்கொண்டது.

போன வாரம் புதுப் பேட்ச் போட்டிருக்கிறாள். இந்த முறை அவள் அப்பா யார் வீட்டுக்கும் வரவில்லை. மகள் தடை போட்டிருக்கிறாள். காலையில் எங்கள் வீட்டம்மா வழக்கம்போல வாணலியை அடுப்பில் ஏற்றி மிளகாயை அள்ளினாள். நான்தான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன்.